பதினேழு வளைவும் ஓர் அடிக்குறிப்பும்

நடத்துநர் உங்களுக்குச் சொன்ன விடை தவறு. இந்த மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவுகள் என்று கேட்டீர்கள். அவர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பதினேழு என்றார். என்னைப் பார்த்த பிறகுதான் சொன்னார், கவனித்திருப்பீர்கள். ஆனைக்கொம்புத் தடத்தில் ஓடும் நடத்துநர்கள் எல்லாரும் நான் பேருந்தில் இருந்தால் பதினேழு என்பார்கள். நான் இல்லாவிட்டால் பதினெட்டு என்பார்கள். அப்படிப் பழக்கியது நான்தான். அந்தப் பழக்கத்தை இனி நானே மாற்ற வேண்டியிருக்கிறது. பதினெட்டுதான் சரி. இன்றைய நிலவரப்படி.

புத்தகத்தை மூடிவிட்டீர்கள், நல்லது. மலை ஏறும்போது படித்தால் தலை சுற்றும். மேலே போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் ஆகும். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். என்னுடைய எண்ணால் ஒரு சைக்கிள் வீரனின் பிழைப்பே போகவிருந்தது. ஆகவே இதை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

என் பெயர் வேதநாயகி. நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வரைவாளராக இருந்தேன். இந்த மலைப்பாதையின் வரைபடம் நான் போட்டது, எண்பத்தொன்றில். கையெழுத்திட்டவர் கோட்டப் பொறியாளர். ஆனால் வலது கீழ் மூலையில், பெருக்காடி வைத்துப் பார்த்தால், 'வே' என்று ஓர் எழுத்து இருக்கும். அந்த எழுத்து நான். இப்போது கீழ்க்கணவாயில், பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் தனியாக வசிக்கிறேன். மணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை.

எங்கள் கோட்டத்தில் ஒரு வரையறை வைத்திருந்தோம். சாலை வந்த திசைக்கும் திரும்பிப் போகும் திசைக்கும் இடையே நூற்றைம்பது பாகைக்குமேல் மாற்றம் இருந்தால்தான் அது கொண்டை ஊசி வளைவு. அதற்குக் குறைந்தால் வெறும் திருப்பம். திருப்பத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இந்தப் பாதையில் உச்சியிலிருந்து இரண்டாவதாக ஒன்று வரும். என் வரைபடத்தில் அது நூற்றிருபத்தெட்டுப் பாகை. திருப்பம். ஆகவே மொத்தம் பதினேழு. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மேலே ஆனைக்கொம்பில் தங்கப்பழம் என்று ஒருவர் இருக்கிறார்.

திரு. தங்கப்பழம் இந்தச் சாலையைப் போட்ட காலத்திலேயே சாலை ஆய்வாளராக இங்கு வந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் மேலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டார். வளைவுகளுக்குப் பலகை வைத்தவர் அவர். பதினெட்டுப் பலகை வைத்தார். அந்தத் திருப்பத்துக்கும் சேர்த்து. நான் எழுத்தில் கேட்டேன். அவர் எழுத்தில் பதில் தரவில்லை, வாயால் சொன்னார், "மேடம், அது வளைவுதாம். ஏறிப் பாத்தா தெரியும்." ஏறிப் பார்ப்பது ஓர் அளவை முறை அன்று என்று விளக்கினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மேலே போய் அவரோடு இதைப் பேசி வருகிறேன். நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. மனிதர் பிடிவாதக்காரர், ஆனால் பண்பு தெரிந்தவர். நான் போவதற்குள் காப்பி தயாராக இருக்கும். என் வரைபடத்தின் நகல் ஒன்றை மேசைமேல் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கூழாங்கல் வைத்திருப்பார். நான் விளக்குவேன், அவர் கேட்டுக்கொள்வார். இறுதியில், "இருந்தாலும் பதினெட்டு மேடம்" என்பார். நான் கடைசிப் பேருந்துக்கு முந்திய பேருந்தைப் பிடித்து இறங்குவேன். அவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கவனக்குறைவானவர், மறந்திருப்பார்.

சன்னலைச் சற்று இழுத்து மூடுங்கள். இது இரண்டாவது வளைவு. இங்கே காற்று அடிக்கும்.

இப்படி இருக்கையில்தான் சென்ற ஆண்டு ஆவணியில் கோயம்புத்தூரிலிருந்து மிருணாளினி என்றொரு பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். முன்னாள் சைக்கிள் வீராங்கனை. இப்போது பந்தயங்களுக்குப் பாதை வகுப்பது அவளுடைய தொழில். அப்படி ஒரு தொழில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஏழு நாள் பந்தயம். வெளிநாட்டு அணிகள் உட்படப் பதினாறு அணிகள். ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் தொடங்கி வேறோர் ஊரில் முடியும். ஆறாம் நாள் மலைக்கட்டம். கீழ்க்கணவாயில் ஏறத் தொடங்கி ஆனைக்கொம்பில் முடிவுக்கோடு.

என்னை அவள் தேடி வந்ததற்குக் காரணம், பள்ளத்தாக்கு. மேல்பாதியில் இருபுறமும் பாறை உயர்ந்து நிற்பதால் அவளுடைய செயற்கைக்கோள் கருவி உளறியது. ஒரு முறை சாலையை ஆற்றுக்குள் காட்டியது. இன்னொரு முறை அந்தத் திருப்பத்தில் சாலை தன்னையே திரும்பிப் பார்ப்பதுபோல் வளைத்துக் காட்டியது. "உங்க கிட்ட பழைய டிராயிங் இருக்குன்னு சொன்னாங்க ஆன்ட்டி" என்றாள். நான் அவளுக்கு ஆன்ட்டி அல்ல என்பதைத் தெரிவித்த பிறகு, டிரேசிங் துணியில் போட்ட மூல வரைபடத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தேன். அவள் அதைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். அந்த ஒரு செய்கைக்காகவே அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டேன். சரியாகச் சொன்னால், அவள் என்னைச் சேர்த்துக்கொண்டாள். உள்ளூர் ஆலோசகர் என்று அட்டை கொடுத்தார்கள்.

நாங்கள் இருவரும் நேர் எதிரான தொழில் செய்பவர்கள் என்பது முதல் வாரத்திலேயே புரிந்தது. நான் சாலையை வரைந்தது எதற்காக? வயிற்றுப்பிள்ளைக்காரி பேருந்தில் உட்கார்ந்து வந்தாலும் மலை ஏறுகிறோம் என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. இருபதுக்கு ஒன்று சரிவு, அதாவது இருபது அடி போனால் ஓர் அடி ஏறும். வளைவுக்குள் அதையும் தளர்த்தி நாற்பதுக்கு ஒன்று. இவளோ மலை ஏறுகிறோம் என்று ஒவ்வொருவனுக்கும் எலும்புவரை தெரிய வேண்டும் என்கிறாள். பழைய எஸ்டேட் பாதை வழியாக விட்டால் ஓரிடத்தில் ஏழுக்கு ஒன்று வரும், அங்கேதான் கூட்டம் சிதறிப் பந்தயம் உடையும் என்று கண் மின்னச் சொன்னாள். உடைவது நல்லதா என்று கேட்டேன். உடையாத மலைக்கட்டம் வெறும் ஊர்வலமுங்க என்றாள்.

எஸ்டேட் பாதையில் அணிகளின் வண்டிகள் திரும்ப முடியாது, ஆம்புலன்ஸ் நுழையாது என்று அளவு போட்டுக் காட்டி அதை விலக்கினேன். விடுதிக்காரர்கள் சங்கம் முடிவுக்கோடு கடைவீதிக்குள் இருக்க வேண்டும் என்றது. அங்கே நேர்ச்சாலை எண்பது மீட்டர்தான், வேகமாக வருகிறவர்கள் அன்னபூரணி மிட்டாய்க்கடைக்குள்தான் நிற்பார்கள் என்று அதையும் விலக்கினேன். தொலைக்காட்சிக்காரர்கள் அருவி தெரிய வேண்டும் என்றார்கள். அருவியில் பங்குனியில் தண்ணீர் இருக்காது என்று தெரிவித்தேன். மூன்று வாரத்தில் பந்தய விதிப் புத்தகம் முழுவதையும் படித்து, அதில் பதினொரு பிழைகளைக் குறித்து அனுப்பினேன். நன்றி தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. அதிலும் ஒரு பிழை.

மலைக்கட்டத்தை ஆறாம் நாளுக்கு வைத்தது மட்டும் முழுக்க அவளுடைய அறிவு. இரண்டாம் நாளே மலையை வைத்துவிட்டால், மீதி ஐந்து நாளும் விடை தெரிந்த கணக்கைப் போடுவதுபோல் ஆகிவிடும் என்றாள். அதில் எனக்கு மறுப்பில்லை. விடை கடைசியில்தான் வர வேண்டும்.

பிறகு வளைவுப் பலகைகளுக்கு வந்தோம். மலைக்கட்டங்களில் வளைவுகளை மேலிருந்து கீழாக எண்ணுவது வழக்கமாம். ஏறுகிறவனுக்கு இன்னும் பதினேழு, இன்னும் பதினாறு என்று குறைந்துகொண்டே வர வேண்டும். அதுதான் அவனை இழுத்துக்கொண்டு போகும். துறையின் பலகைகளைத் துணிபோட்டு மூடிவிட்டு, பந்தயத்துக்கென்று புதிய பலகைகள் வைக்க முடிவாயிற்று. பலகை செய்யும் பொறுப்பைத் திரு. தங்கப்பழத்திடம் கொடுத்தார்கள். பத்தே நாளில் கச்சிதமாகச் செய்து கொண்டுவந்தார். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு.

ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதன் தூசியைத் துடைத்தார். "ஒரு பலகைதானே மேடம். இருந்துட்டுப் போகட்டுமே," என்றார். உலகம் முழுக்கப் படிக்கப்போகும் பந்தயப் பாதைக் கையேட்டில் பொய் எழுத முடியாது என்றேன். மிருணாளினி கொஞ்சம் தயங்கினாள். ஓட்டுகிறவர்கள் பாகையெல்லாம் பார்க்க மாட்டார்கள், திரும்புகிற இடத்தையெல்லாம் வளைவு என்றுதான் எண்ணுவார்கள் என்றாள். அவளுக்காகவே ஒரு சலுகை செய்தேன். கையேட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில், கீழே, ஓர் அடிக்குறிப்பு: 'இரண்டாம் எண் வளைவுக்கும் முதல் எண் வளைவுக்கும் இடையே உள்ளது கொண்டை ஊசி வளைவு அன்று, அது சாலைத் திருப்பமே.' எவ்வளவு தெளிவு, பாருங்கள். இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

பந்தய நாளன்று எனக்குக் கூடாரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் அங்கே உட்காரவில்லை. அந்தத் திருப்பத்தில் போய் நின்றேன். யாரும் ரகசியமாகப் பலகை வைத்துவிடக் கூடாது அல்லவா? திரு. தங்கப்பழமும் வந்து பக்கத்தில் நின்றார். வெயிலுக்கு என் குடையைப் பிடித்துக்கொண்டார். நானே பிடித்துக்கொள்வேன் என்றேன். "நீங்க கையேட்டப் பிடிச்சிருக்கீங்களே" என்றார். அது உண்மை.

கூட்டம் சொல்லி முடியாது. வளைவுக்கு வளைவு மனிதர்கள் பாறையிலும் தடுப்புச் சுவரிலும் ஏறி நின்றார்கள். பள்ளத்தாக்கில் அணிகளின் வானொலி எடுபடவில்லை. சைக்கிள்களில் மாட்டியிருந்த சிறு கருவிகளும் மிருணாளினியின் கருவியைப் போலவே உளறிக்கொண்டிருந்தன. ஆகவே மேலே வருகிறவர்களுக்குத் துணை இரண்டே: கையேடு, வளைவு எண்ணிக்கை.

முன்னால் தனியாக வந்தவர் மிக்கேல் பர்னாந்து. தூத்துக்குடிக்காரர், இருபத்தெட்டு வயது; வெளிநாட்டு அணியில் ஓட்டும் ஒரே தமிழர். ஆறு ஆண்டுகளாகப் பிறர் வெற்றிக்காகத் தண்ணீர்ப் புட்டி சுமந்தவர்; முதல் முறையாக அன்று அவரைத் தன் கணக்கில் ஓட்ட விட்டிருந்தார்கள். அந்த ஆண்டோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் கண்டது, பின்னால் வந்த கொலம்பியாக்காரருக்கும் இவருக்கும் இடையே நூறு மீட்டர் இருந்ததை மட்டுந்தான். அது போதும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவர் போட்டிருந்த திட்டம் எளிமையானது. கடைசி வளைவிலிருந்து கோட்டுக்கு முந்நூற்றுப் பத்து மீட்டர் என்று கையேட்டில் இருக்கிறது; நான் அளந்து கொடுத்தது, சரியானது. உடம்பில் மிச்சமிருப்பதையெல்லாம் அந்த முந்நூற்றுப் பத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தார். இரண்டு என்ற பலகையைக் கடந்தார். அடுத்து எங்கள் திருப்பத்துக்கு வந்தார். பலகை இல்லை. கூட்டம் மறைத்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார். இருக்கையிலிருந்து எழுந்தார். எழுந்து, அப்பா, அப்படி ஒரு மிதி நான் பார்த்ததில்லை. என்னை உரசிக்கொண்டு போனார். அவருடைய மூச்சு என் புடவையில் பட்டது.

ஏன் இங்கேயே அவசரப்படுகிறார் என்று நான் கேட்டேன்.

திரு. தங்கப்பழம் குடையைத் தாழ்த்தினார். "இதையும் எண்ணிட்டாரு மேடம்," என்றார்.

எண்ணக் கூடாது, முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பார்க்கவில்லையா என்றேன். அவர் கையை நீட்டி மேலே காட்டினார். அந்த இடத்திலிருந்து மேல் வளைவு நேராகத் தெரியும். நானூற்று இருபது மீட்டர் தள்ளி, ஒன்று என்ற பலகை வெள்ளையாகப் பளிச்சென்று நின்றது. மிக்கேல் அதைப் பார்த்த கணம் எனக்கும் தெரிந்தது. தோள் இரண்டும் இறங்கின. தலை ஒரு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அதற்குப் பிறகு அவர் ஓட்டியதைச் சைக்கிள் ஓட்டுவது என்று சொல்ல முடியாது; சைக்கிளோடு கூட இருந்தார், அவ்வளவுதான். கோட்டுக்கு அறுபது மீட்டர் இருக்கையில் கொலம்பியாக்காரர் அவரைத் தாண்டினார்.

இது எட்டு. பிடித்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் இதை எப்போதும் வெளிப்பக்கமாக எடுப்பார். நூறு முறை சொல்லிவிட்டேன்.

முடிவுக்கோட்டுக்கு நான் நடந்தே போனேன். மிக்கேல் தடுப்புக் கம்பியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் உப்பு. யாரோ என்னைச் சுட்டிக்காட்டி, கையேட்டில் வளைவுக் கணக்கு எழுதிய அம்மா இவர்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எண்ணிக்கிட்டேதாம்மா வந்தேன்," என்றார். "ஒன்னுகூட விடல. எங்க தப்பு பண்ணுனேன்?"

நான் முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்துக் காட்டினேன். அவர் படித்தார். நிதானமாக, உதடு அசைய, இரண்டு முறை படித்தார்.

"மூச்சு முட்டும்போது அடிக்குறிப்பு ஞாபகம் வராதும்மா," என்றார்.

முன்கூட்டியே மனப்பாடம் செய்திருக்கலாமே என்று சொல்ல வாய் திறந்தேன்; அவர் கையேட்டை மெல்ல மூடி என்னிடம் திருப்பித் தந்ததைப் பார்த்து மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் சரியான விடையைச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

மாலை ஐந்து மணிக்கு மிருணாளினி வந்தாள். முடிவை யாரும் மாற்றப்போவதில்லை. பாதையை அறிந்திருப்பது வீரரின் பொறுப்பு என்று விதி இருக்கிறது. ஆனால் மிக்கேலின் அணித்தலைவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: கையேடு தவறா, எங்கள் ஆள் முட்டாளா? மறுநாள் நண்பகலுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். முட்டாள் என்றால் அவருக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை. "கையேடு சரின்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்னு கமிட்டில சொல்றாங்க," என்றவள், தரையைப் பார்த்துக்கொண்டே சேர்த்தாள், "ஆனா ஒருக்கா நேர்ல அளந்து பாத்துட்டு எழுதினா நல்லாருக்குமுங்க."

அளந்து பார்ப்பதா? எதை? அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்தத் திருப்பத்தை அளந்ததே இல்லை.

அப்படி என்னைப் பார்க்காதீர்கள். வரைவாளர்கள் எல்லாரும் அப்படித்தான். சாலையைப் பார்த்து வரைபடம் போடுவதில்லை. வரைபடத்தைப் பார்த்துத்தான் சாலை போடுகிறார்கள். ஐயம் வந்தபோதெல்லாம் வரைபடத்தின்மேல் பாகைமானியை வைத்து அளந்தேன். நூறு முறை அளந்திருப்பேன். நூறு முறையும் நூற்றிருபத்தெட்டு. வரைபடம் ஒருநாளும் மாறவில்லை. சாலைக்கு என்னைக் கேளாமல் வேறு யோசனை வரக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திசைமானியை எடுத்துக்கொண்டு போனேன். மிருணாளினி வந்தாள். திரு. தங்கப்பழம், சிவப்பும் வெள்ளையும் அடித்த அளவைக் கோலோடு எனக்கு முன்னாலேயே அங்கே நின்றார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார், எதற்கென்று தெரியவில்லை. கோலைச் செங்குத்தாகப் பிடித்தார். கை ஆடவே இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் அளவு நூற்றறுபத்து மூன்று. திசைமானியைத் தட்டிவிட்டு மீண்டும் எடுத்தேன். நூற்றறுபத்து நான்கு. இடம் மாறி நின்று மூன்றாவதாக எடுத்தேன். நூற்றறுபத்து மூன்று.

செயற்கைக்கோள் கருவி அன்றைக்கே சொன்னது. அது உளறல் என்று நாங்கள் ஒதுக்கினோம்.

மிருணாளினி ஓரமாகப் போய் நின்றாள். நான் திரு. தங்கப்பழத்திடம் நேராகவே கேட்டேன், என் வரைபடத்தில் இல்லாத முப்பத்தைந்து பாகையைச் சாலைக்குள் நுழைத்தது யார் என்று.

"நாந்தாம் மேடம்," என்றார்.

காரணம் கேட்டேன். கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். சாலையின் உள்வளைவில் ஓரிடத்தைக் காட்டினார். அங்கே இப்போது புல்தான் இருக்கிறது. "இங்கன ஒரு நாவ மரம் நின்னுச்சு. உங்க கோடு நேரா அதுமேல போச்சு. சைட் பாக்க வந்தா அதுக்கடியிலதான் நீங்க டிபன் டப்பாவத் திறப்பீங்க. வேற எங்கன உக்காந்தாலும் வெயிலு. அதான், சாலைய மேல ஏத்திச் சுத்தி விட்டேன். தொண்ணூத்திரண்டுல புயல்ல மரம் சாஞ்சிட்டு. வளைவு நின்னுட்டு."

மாறுதல்களுக்கென்று ஒரு படிவம் இருந்ததை நினைவூட்டினேன். அதில் 'பொதுமக்கள் வசதி' என்றொரு கட்டமும் இருந்தது, அதையாவது நிரப்பியிருக்கலாம்.

"பொதுமக்கள் இல்லையே மேடம்," என்றார். "ஒரு ஆளுதானே."

அது இன்னும் கடுமையான குற்றம் என்று சொன்னேன். அரசுச் சாலையைத் தனி ஓர் ஆளின் நிழலுக்காகத் திருப்பியிருக்கிறார். மிருணாளினி திடீரென்று இருமத் தொடங்கினாள். காலைப் பனி, பழக்கமில்லாதவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. தலையில் துண்டு கட்டச் சொன்னேன்.

தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்தேன். மணி எட்டரை ஆகியிருந்தது. நண்பகல்வரை நேரம் இருந்தது. எழுத ஒரு வரிதான். கையேடு சரி என்று எழுதினால் யாரும் வந்து அளக்கப்போவதில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் நான் சொன்ன எண் நிற்கும். அந்தப் பையன் தூத்துக்குடிக்குத் திரும்பி வேறு வேலை பார்ப்பான். இதை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: யோசிக்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

கடிதத்தை அங்கேயே, மடியில் கையேட்டை வைத்து எழுதினேன். 'மேற்படி இடத்தில் உள்ளது கொண்டை ஊசி வளைவே. மொத்த எண்ணிக்கை பதினெட்டு. வீரர் சரியாக எண்ணினார். ஆலோசகர் தவறாக எண்ணினார். அடிக்குறிப்பு திரும்பப் பெறப்படுகிறது.' கீழே முழுப்பெயரையும் எழுதினேன். மூலையில் ஓர் எழுத்தாக அல்ல. மிருணாளினி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மிக்கேலுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த பந்தயத்தில் அடிக்குறிப்பு உண்டா என்று கேட்டார். கேலி என்று நினைக்கிறேன். கையேட்டை முழுவதும் படியுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

வரைபடத்தைத் திருத்தினேன். டிரேசிங் துணியில் பழைய கோட்டைச் சுரண்டி எடுத்து, புதிய கோட்டை மையில் இழுத்து, பதினெட்டு என்று எழுதி, களத்தில் சாலையை மாற்றியவர் என்ற முறையில் திரு. தங்கப்பழத்தின் கையொப்பத்துக்காக மேலே எடுத்துச் சென்றேன். வெற்றி பெற்றவர் மகிழ்வார் என்றுதானே எதிர்பார்ப்போம்? மேசையில் விரித்தேன். அவர் கூழாங்கற்களை வைத்தார். பேனாவை எடுத்தார். எடுத்து, திறந்து, மறுபடி மூடி வைத்துவிட்டார். காப்பி ஆறிப்போயிற்று.

இத்தனை ஆண்டு அந்த மரத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பணியில் இருந்தவரை விசாரணைக்கு அஞ்சியிருக்கலாம். ஓய்வு பெற்ற பிறகு என்ன தடை? ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே அளந்து ஒப்புக்கொண்டிருப்பேனே.

"அதாம் மேடம்," என்றார். "ஒப்புக்கிட்டிருப்பீங்க. அப்புறம் எதுக்கு மாசாமாசம் மலையேறி வருவீங்க?"

இது எப்படிப்பட்ட பதில்? கேட்டதற்கு விடை சொல்லாமல் அவர் வேறொன்றைக் கேட்கிறார். கையொப்பமும் போடவில்லை. நான் அன்று வழக்கத்துக்கு மாறாகக் கடைசிப் பேருந்தில்தான் இறங்கினேன். முந்திய பேருந்து எப்போது போனது என்பதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

வரும் வழியில் ஆறாவது வளைவைப் பார்த்தேன். எட்டுக்கு முன்னால் கடந்தோமே, அதுதான். எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. என் வரைபடத்தில் அது நூற்றைம்பத்திரண்டு பாகை. ஆனால் ஓரிடத்தில் சாலை வரைபடத்தை மீறியிருக்கிறதென்றால் மற்ற இடங்களிலும் மீறியிருக்காது என்பதற்கு என்ன உறுதி? என் கண்ணுக்கு அது நூற்று நாற்பத்தொன்பதைத் தாண்டாது. தாண்டாவிட்டால் அது திருப்பம். மொத்தம் மறுபடியும் பதினேழு ஆகிவிடும். முறைப்படி பார்த்தால் பதினெட்டையும் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஒரு வருகைக்கு ஒரு வளைவு, அதற்குமேல் அவசரப்பட்டால் பிழை வரும். மழைக்காலத்தில் ஓரம் சரியும் என்பதால் கோடையில் ஒரு முறை, ஐப்பசிக்குப் பிறகு ஒரு முறை.

இதையெல்லாம் விளக்கி, அவருக்குக் கடிதம் எழுதினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. நாற்பது ஆண்டில் அவர் எழுத்தில் தந்த முதல் பதில். ஆறாவது வளைவு கொண்டை ஊசிதான், அதில் துளியும் ஐயமில்லை, வேண்டுமானால் நேரில் வந்து அளந்து பாருங்கள், கோல் பிடிக்கத் தயாராக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். ஏழாவதும் தமக்கு உறுதிதான் என்று, நான் கேட்காமலே, கீழே ஒரு வரி.

இன்று புதன்கிழமை. முதல் சனிக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது; இதற்கெல்லாம் அதுவரை காத்திருக்க முடியாது. அவர் சொல்வது தவறு. அதை நிரூபிக்க நாளாகும்.